கையை நீட்டாதே, கிளையை நீட்டு!

ஏமன் பச்சோந்திக்குக் கோபம் வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க நிபுணர் யாரும் தேவையில்லை. உடம்பு பக்கவாட்டில் அப்பளமாகத் தட்டையாகி, இருப்பதைவிடப் பெரிய உருவத்தைக் காட்டும். தொண்டை உப்பும். பச்சை உடம்பில் மஞ்சள் பட்டைகள் பளீரென்று ஏறும். நின்ற இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடும். வாய் அகலத் திறந்து, 'ஸ்ஸ்' என்று சீறும். இவ்வளவும் ஆன பிறகுதான் பாய்ச்சல், அதற்கும் பிறகுதான் கடி. இத்தனை அறிவிப்பையும் தாண்டி விரலைக் கொண்டுபோகிறவர்தான் கடி வாங்குகிறார்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீடுகளில் வளர்க்கப்படும் பச்சோந்திகளில் முக்கியமானவை மூன்று இனங்கள். மடகாஸ்கர் தீவின் பேந்தர் பச்சோந்தி, கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜாக்சன் பச்சோந்தி, ஏமன் மலைகளிலும் அதை ஒட்டிய சவுதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் ஏமன் பச்சோந்தி. மூன்றில் முன்கோபக்காரன் என்று பெயர் எடுத்தது கடைசியாகச் சொன்னதுதான். தலையில் உயரமான கொண்டை, வாலோடு சேர்த்து அளந்தால் ஆணுக்கு ஒன்றரை அடியிலிருந்து இரண்டு அடி நீளம். எளிதில் இனப்பெருக்கம் செய்யும், ஓரளவு கடுமையான சூழலையும் தாங்கும் என்பதால் விலையும் குறைவு. அதனால் முதன்முதலாகப் பச்சோந்தி வாங்குகிறவர் கையில் வந்து சேர்வது பெரும்பாலும் இதுவே. பழக்கம் இல்லாத கைக்கு, பழகவே விரும்பாத பிராணி. பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

குட்டியில் சாது, ஆறு மாதத்தில் சண்டியர்

கடையில் பார்க்கும்போது அது விரல் நீளக் குட்டி. கையில் ஏறும், தோளுக்குப் போகும், சும்மா உட்காரும். வாங்கி வந்து நான்கைந்து மாதம் ஆனதும் ஆண் பச்சோந்தி பருவத்துக்கு வருகிறது. அதன் பிறகு கூண்டு அதன் ராஜ்ஜியம். கதவைத் திறந்தாலே சீறல். வளர்ப்பவர் திகைத்துப் போகிறார்: "நான் என்ன தப்பு செய்தேன்?"

பெரும்பாலும் எதுவும் இல்லை. பச்சோந்தி தனித்து வாழும் விலங்கு. நாயைப் போலக் கூட்டமாக வாழ்ந்து, தலைவனுக்கு அடங்கி, தடவலை அன்பென்று எடுத்துக்கொள்ளும் பரம்பரை அதற்கு இல்லை. இன்னொரு ஆணைக் கண்டால் விரட்டும். பெண்ணோடு சேர்வதும் சில நாள் சங்கதிதான். தன்னைவிடப் பல மடங்கு பெரிய உருவம் ஒன்று தன் கிளையை நோக்கிக் கையை நீட்டினால், அதன் மூளை எடுக்கக்கூடிய முடிவுகள் இரண்டே: ஓடு, இல்லாவிட்டால் மிரட்டு. பச்சோந்தியால் வேகமாக ஓட முடியாது. எனவே மிரட்டுகிறது. நாம் ஆக்ரோஷம் என்று பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி, ஓடத் தெரியாத ஒரு பிராணியின் பயம்.

அந்தப் பயத்தை நாமே கூட்டுகிறோம் என்பதும் உண்மை. மரத்தில் வாழும் பச்சோந்திக்கு ஆபத்து பெரும்பாலும் மேலிருந்து பறவை வடிவில் வரும். கூண்டைத் தரையிலோ தாழ்வான மேசையிலோ வைத்துவிட்டு மேலிருந்து கையை இறக்கினால், அதற்கு அது கைபோலத் தோன்றாது. அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் முதலில் சொல்லும் யோசனை இதுதான்: கூண்டை உயர்த்துங்கள். பச்சோந்தி உட்காரும் கிளை உங்கள் கண்மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். நம்மை அது குனிந்து பார்க்க வேண்டும். நாள் முழுக்கச் சீறிக்கொண்டிருந்த ஒன்று, கூண்டை ஓரடி உயர்த்தியதும் பாதி அடங்கிவிடுவது உண்டு.

கூண்டுக்குள் இலையடர்ந்த செடி இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. ஒளிந்துகொள்ள இடமிருக்கும் பச்சோந்திக்குச் சண்டை போடும் அவசியம் குறைவு. எதிரே கண்ணாடி இருக்கிறதா என்றும் பாருங்கள். தன் பிம்பத்தையே எதிரி என்று நினைத்து நாள்முழுக்கப் போர்க்கோலத்தில் நிற்கும் ஆண் பச்சோந்திகள் உண்டு. பக்கத்துக் கூண்டில் இன்னொன்று கண்ணில் பட்டாலும் இதே கதைதான். ஒரு கூண்டுக்கு ஒரு பச்சோந்தி, ஒன்றின் பார்வையில் மற்றது படக் கூடாது. இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை.

பெண்ணின் கோபத்துக்கு வேறு காரணம் இருக்கலாம். ஏமன் பச்சோந்திப் பெண், ஆணே இல்லாமலும் முட்டை போடும். சினையானதும் உடம்பு இருண்டு, நீலமும் மஞ்சளும் கலந்த புள்ளிகள் தோன்றும். யார் நெருங்கினாலும் வாய் பிளக்கும். அந்தச் சமயத்தில் அதற்கு வேண்டியது ஈர மணல் நிரப்பிய ஆழமான தொட்டியும் தனிமையும். தோண்ட இடம் கிடைக்காவிட்டால் முட்டை உள்ளேயே தங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

இவை எதுவும் இல்லாமல், இதுவரை சாதுவாக இருந்தது திடீரென்று கடிக்க வந்தால், நோயைச் சந்தேகியுங்கள். யூவி-பி விளக்கு இல்லாமலும் கால்சியம் போதாமலும் வளரும் பச்சோந்திகளுக்கு எலும்பு மென்மையாகும். கால் வளையும், தாடை தொய்யும். அந்த உடம்பைத் தூக்கினால் வலிக்கும், வலித்தால் கடிக்கும். வாய்ப்புண், நுரையீரல் தொற்று, உள்ளே புழு என்று வேறு காரணங்களும் உண்டு. பகலில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பச்சோந்தி நிச்சயமாக நலமாக இல்லை. இதற்கெல்லாம் பழக்கப்படுத்துதல் மருந்தாகாது. ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

நிறம் சொல்லும் சேதி

சுற்றுப்புறத்துக்கு ஏற்ப நிறம் மாறி ஒளிந்துகொள்ளும் என்றுதான் நம்மில் பலரும் படித்திருக்கிறோம். அதன் சாதாரண நிறமே இலையோடு ஒத்துப்போகிறது என்பது சரி. ஆனால், அது நிறம் மாற்றுவது முக்கியமாக இரண்டு காரணங்களுக்காக: உடம்பின் வெப்பத்தைச் சரிசெய்ய, மற்ற பச்சோந்திகளுக்குச் சேதி சொல்ல. மேடைப் பேச்சாளர்கள் கட்சி தாவுகிறவரைப் பச்சோந்தி என்று திட்டுகிறார்கள். பாவம், மனதில் இருப்பதை மறைக்கத் தெரியாத பிராணி அது.

ஜெனிவா பல்கலைக்கழகத்தில் மிஷேல் மிலின்கோவிச் தலைமையிலான குழு 2015ஆம் ஆண்டு இதன் நுட்பத்தை விளக்கியது. பேந்தர் பச்சோந்தியின் தோல் செல்களுக்குள் குவானின் என்ற பொருளாலான நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. பிராணி அமைதியாக இருக்கும்போது அவை நெருக்கமாக அடுங்கியிருக்காமல் போகாமல், நீலம் பச்சை போன்ற நிறங்களைப் பிரதிபலிக்கும். ஆத்திரம் வந்தால் படிகங்களுக்கு இடையே இடைவெளி கூடும். தோல் மஞ்சளுக்கும் சிவப்புக்கும் போகும். சாயம் எதுவும் புதிதாக ஊறி வருவதில்லை.

வளர்ப்பவருக்கு இதைவிடப் பயன்படுவது, அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரஸ்ஸல் லைகனும் கெவின் மெக்ராவும் ஏமன் பச்சோந்தி ஆண்களின் சண்டையை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட முடிவு. உடலின் பட்டைகள் எவ்வளவு பிரகாசமாகின்றனவோ, அந்த அளவுக்கு அந்தப் பச்சோந்தி எதிரியை நெருங்கிவரும் வாய்ப்பு அதிகம். தலையின் நிறம் வேகமாகவும் பளிச்சென்றும் மாறுகிற ஆண்தான் சண்டையில் ஜெயிக்கிறது. தோற்பது என்ன செய்யும்? இருண்டுவிடும். 'போதும், ஒப்புக்கொள்கிறேன், அடிக்காதே' என்பது அந்த இருளின் பொருள் என்று லைகனின் அடுத்த ஆய்வு சொன்னது.

இங்கேதான் வளர்ப்பவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். தினமும் பிடித்துப் பிடித்து எடுத்த பச்சோந்தி ஒரு நாள் சீறுவதை நிறுத்துகிறது. கருத்த நிறத்தில், அசையாமல், உள்ளங்கையில் கிடக்கிறது. "பாருங்கள், பழகிவிட்டது!" பழகவில்லை. தோற்றுப்போயிருக்கிறது. தொடர்ந்து இப்படி அழுத்தத்தில் இருப்பது தீனியைக் குறைக்கும், நோய் எதிர்ப்பைக் கெடுக்கும். சீறுகிற பச்சோந்தியைவிடக் கவலைப்பட வேண்டியது, இப்படி அடங்கிப்போன பச்சோந்தியைப் பார்த்துத்தான். ஒரு விதிவிலக்கு: காலையில் விளக்கின் கீழ் உட்கார்ந்து உடம்பைக் கருப்பாக்கிக்கொண்டால், அது சூட்டை உறிஞ்சுவதற்காக. அதைக் கண்டு பதற வேண்டாம்.

வரவழைப்பது எப்படி?

பழக்குவதற்கு முதல் படி, எதுவும் செய்யாமல் இருப்பது. புதிதாக வந்த பச்சோந்தியைச் சில வாரங்களுக்குத் தொடவே கூடாது. தண்ணீர் தெளிப்பது, தீனி வைப்பது, கூண்டைச் சுத்தம் செய்வது, அவ்வளவுதான். அதையும் மெதுவாக, பக்கவாட்டிலிருந்து. முகத்துக்கு நேரே நின்று உற்றுப் பார்க்க வேண்டாம். கண்ணுக்குக் கண் பார்ப்பது வேட்டை விலங்கின் வேலை. பின்னால் போய்ப் பிடித்துவிடலாம் என்ற யோசனையும் பலிக்காது. இரண்டு கண்களும் தனித்தனியாகச் சுழன்று ஏறக்குறைய எல்லாத் திசையையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது, தீனி. பட்டுப்புழுவுக்குப் பச்சோந்திகள் உருகிவிடும் என்று வளர்ப்பவர்கள் சொல்கிறார்கள். கிரிக்கெட் பூச்சியானாலும் சரி. ஒரு கிண்ணத்திலோ நீண்ட இடுக்கியிலோ வைத்து, கூண்டு வாசலில் காட்டிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். நாக்கு எட்டும் தூரம் போதும். பச்சோந்தியின் நாக்கு உடல் நீளத்தையும் மிஞ்சிப் பாயும். கிறிஸ்டோபர் ஆண்டர்சன் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிறிய ஆப்பிரிக்க இனம் ஒன்றின் நாக்கு, புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 264 மடங்கு முடுக்கத்தில் கிளம்பியது பதிவாகியிருக்கிறது. நாக்கு விரலில் பட்டால் பிசுபிசுப்பு மட்டும்தான், காயம் இல்லை. கடி வேறு, நாக்கு வேறு. இன்றைக்கு அது சாப்பிடாவிட்டால் பரவாயில்லை, பூச்சியை உள்ளே விட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம். கை வந்தால் தீனி வரும் என்பது பதிய வாரங்களும் ஆகும், மாதங்களும் ஆகும்.

மூன்றாவது, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி உட்காருவது. வாசலுக்கு எதிரே ஒரு தொட்டிச் செடி. மின்விசிறி நின்றிருக்க வேண்டும், பூனை நாய் வேறு அறையில். உயரமான இடத்தை நோக்கி நகர்வது பச்சோந்தியின் சுபாவம். தானாக வெளியே வந்து செடியில் ஏறும். சில நாள் கழித்து வாசலுக்கும் செடிக்கும் நடுவே உங்கள் கையையோ, ஒரு கிளையையோ பாலமாக வையுங்கள். சண்டிக் குணம் உள்ளதற்கு எப்போதும் கிளைதான். முன்னங்காலுக்குச் சற்று மேலே, மார்புக்கு முன்னால் கிளையைக் கொண்டுபோனால், மேலே ஏறும் பழக்கத்தில் காலை எடுத்து வைக்கும். வைக்காவிட்டால் அன்றைக்குக் கடை அடைத்தாயிற்று என்று அர்த்தம். வற்புறுத்தக் கூடாது.

இழுக்கவும் கூடாது. பச்சோந்தியின் பாதம் இடுக்கி. ஒரு பக்கம் இரண்டு விரல், மறுபக்கம் மூன்று விரல். பிடித்துக்கொண்டிருக்கும்போது உடம்பைப் பற்றி இழுத்தால் நகம் பிய்யும், எலும்பு மெலிந்திருந்தால் காலே முறியும். வாலும் ஐந்தாவது கால்தான். பல்லியின் வால்போல அறுந்து வளரும் என்று நினைத்துவிடாதீர்கள், போனால் போனதுதான். தவிர்க்கவே முடியாமல் எடுக்க வேண்டியிருந்தால், வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்கி, பின்னங்காலிலிருந்து ஒவ்வொரு பாதமாக விடுவித்து, நாலு காலுக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும்படி செய்ய வேண்டும். அந்தரத்தில் தொங்கும் பச்சோந்தி நிச்சயம் கடிக்கும்.

தடித்த தோல் கையுறை போடலாமே என்று கேட்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பது தெரியாது. மெல்லிய விலா எலும்புகள் அந்த அழுத்தத்துக்குத் தாங்காது. மருத்துவரிடம் கொண்டுபோவதற்குக்கூட, அது உட்கார்ந்திருக்கும் கிளையையே அசையாமல் எடுத்துப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவது மேல். இருட்டில் அடங்கிவிடும். கோபக்காரப் பச்சோந்தியிடம் ஒரு வசதியும் உண்டு. சொட்டு மருந்து கொடுக்க வேண்டிய நாளில், சாது பச்சோந்தி வாயைத் திறக்கவே திறக்காது. இது தானாகவே அகலத் திறந்து சீறும். மருத்துவர் சொன்ன அளவை வாயின் ஓரத்தில் மெதுவாக விட்டுவிடலாம்.

உறங்கும் நேரம், தோல் உரிக்கும் நாட்கள், காலையில் உடம்பு சூடேறும் முன், இந்த மூன்று சமயத்திலும் கிட்டே போகாதீர்கள். விரலை ஆட்டி ஆட்டிச் சீறவைத்து ரீல்ஸ் எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அது விளையாட்டல்ல, வதை.

கடித்துவிட்டால்?

பச்சோந்திக்கு விஷம் இல்லை. நம் ஊரில் இதை நம்பவைப்பது கடினம். வேலியில் தலையாட்டும் ஓணானையே பச்சோந்தி என்று நினைத்துக் கல்லெறியும் பிள்ளைகளும், இரண்டும் கடித்தால் ஆபத்து என்று சொல்லும் பெரியவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இரண்டுக்கும் விஷமில்லை. ரேபிஸ் நோயும் பாலூட்டிகள் வழியாகத்தான் வரும். ஊர்வன அதைப் பரப்புவதில்லை.

ஆனால், வளர்ந்த ஏமன் ஆணின் கடி வலிக்கும். தோல் கிழிந்து ரத்தமும் வரலாம். கவ்விக்கொண்டால் கையை உதறாதீர்கள். உதறினால் உங்கள் சதை கிழியும். அதன் பல்லும் உடையும். பச்சோந்தியின் பற்கள் தாடை எலும்போடு ஒட்டியே இருப்பவை, உடைந்தால் திரும்ப முளைக்காது. அந்த இடத்தில் தாடையில் சீழும் பிடிக்கலாம். வலியைப் பொறுத்துக்கொண்டு கையை மெல்லக் கிளையை ஒட்டிக் கொண்டுபோங்கள். காலுக்குப் பிடி கிடைத்ததும் பெரும்பாலும் வாயை விட்டுவிடும்.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ வீட்டு வைத்தியத்தோடு நிறுத்த வேண்டாம்.

கடியைவிடக் கவனிக்க வேண்டியது கண்ணுக்குத் தெரியாத சால்மொனெல்லா. ஆரோக்கியமாகத் தெரியும் ஊர்வனவற்றின் குடலிலும் இந்தக் கிருமி இருக்கும், எச்சத்தில் வெளியேறும். தொட்ட பிறகும் கூண்டைச் சுத்தம் செய்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவியே ஆக வேண்டும். சமையலறைத் தொட்டியில் அதன் பாத்திரங்களைக் கழுவக் கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், நோய் எதிர்ப்புக் குறைந்தவர்கள் இருக்கும் வீட்டுக்குப் பச்சோந்தி வேண்டவே வேண்டாம். கொஞ்சுவதற்கு ஒரு உயிர் வேண்டுமென்றால், தெருவில் ஆதரவில்லாமல் திரியும் நாட்டு நாய்க்குட்டி ஒன்றை எடுத்து வளருங்கள். அது வாலாட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டுக் காடுகளிலும் புதர்களிலும் வாழும் இந்தியப் பச்சோந்தி, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட விலங்கு. பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். சாலையோரத்தில் கண்டால் வழிவிட்டு நில்லுங்கள். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

வெளிநாட்டு இனங்களுக்கும் இப்போது கட்டுப்பாடு உண்டு. பச்சோந்திகள் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருப்பவை. 2022ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் 2024ஆம் ஆண்டு வந்த விதிகளும், இந்தப் பட்டியலில் உள்ள பிராணியை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும் என்கின்றன. குட்டி பிறந்தாலும் கைமாறினாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். பாங்காக்கிலிருந்து பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவரப்படும் ஊர்வனவற்றைச் சென்னை விமான நிலையச் சுங்கத் துறையினர் அடிக்கடி பறிமுதல் செய்கிறார்கள். அப்படி வந்த ஒன்றை ஆவணமில்லாமல் வாங்கினால் வாங்கியவருக்கும் வழக்கு.

கடிக்கிறதே, சமாளிக்க முடியவில்லையே என்று எங்காவது மரத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரலாம். 1972இல் ஹவாய்த் தீவு ஒன்றில் செல்லப்பிராணி வியாபாரி ஒருவர், கென்யாவிலிருந்து மெலிந்து வந்த ஜாக்சன் பச்சோந்திகள் உடல் தேறட்டும் என்று தன் தோட்டத்தில் விட்டார். அவை பெருகிப் பரவின. அங்கே மட்டுமே வாழும் அரிய மர நத்தைகளை இன்று அவற்றின் வாரிசுகள் தின்கின்றன. ஏமன் பச்சோந்தியும் புளோரிடாவில் இப்படித்தான் காலூன்றியது. ஹவாயில் ஏமன் பச்சோந்தியைச் சட்டவிரோதமாக வைத்திருப்பவருக்கு 2 லட்சம் டாலர் வரை அபராதமும் 3 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். வளர்க்க முடியாது என்று தெரிந்தால் கிண்டிக் காட்டு ஓரத்திலோ ஏற்காட்டு மரத்திலோ விடாதீர்கள். உள்ளூர் வனத்துறை அலுவலகத்துக்குப் போய், இருப்பதைச் சொல்லி, என்ன செய்வதென்று கேளுங்கள்.